கண்ணாடி ஆறும்வரை

ஜனவரி 8

அன்பு வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கும் குறையில்லை, வாய்க்கும் குறையில்லை; இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்கலாமென்றால் உன் போன் அணைந்தே கிடக்கிறது. பேனாவைத் தேடி எடுத்து, அது எழுதுகிறதா என்று முதலாளியின் காலண்டரில் கிறுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். உள்ளே இண்டக்ஷன் அடுப்பு. புதுசுதான், ஆனாலும் நான் ஒரு தடவை பிரித்துப் பார்த்து மூடினேன். நான் திறந்து பார்க்காத எதையும் உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

எங்கள் பட்டறைக்கு இந்த அடுப்புகள் செத்துப்போய் வருவதைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும். முக்கால்வாசி தானாகச் சாவதில்லை, எல்லாம் கொலைதான். ஒருத்தர் அடியில் மெத்தென்று துணி விரித்து, காற்றுப் போகிற துவாரத்தை அடைத்து, மூச்சுமுட்டக் கொன்றிருப்பார். இன்னொருத்தர் குழாயடியில் வைத்துக் குளிப்பாட்டியிருப்பார். நீ அப்படிச் செய்யாதே. சுவரை விட்டுத் தள்ளி, கெட்டியான சமதளத்தில் வை. மூன்று துளை உள்ள பெரிய பிளக்கில் நேராகச் சொருகு. மிக்ஸிக்கும் இதற்கும் சேர்த்து ஒட்டுவயர் போடாதே. வெறும் பாத்திரத்தைக் காயவிடாதே. கரண்டி, கத்தி, மூடி எதையும் கண்ணாடிமேல் வைக்காதே. அணைத்த உடனே பிளக்கைப் பிடுங்காதே, உள்ளே விசிறி கொஞ்ச நேரம் ஓடும், ஓடி முடிக்கட்டும்.

முக்கியமானது இது. இதில் தீ தெரியாது. பாத்திரத்தை இறக்கினால் கண்ணாடி கறுப்பாக, சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆனால் பாத்திரத்தின் சூடு அதில் ஏறியிருக்கும். 'எச்' என்ற ஆங்கில எழுத்து ஒன்று சிவப்பாக எரியும். அது அணைகிறவரை கண்ணாடி ஆறவில்லை என்று அர்த்தம். தொடக் கூடாது.

எதற்குத் திடீரென்று அடுப்பு என்று கேட்பாய். போன வருஷம் இரண்டு தடவை, "கேஸ் கசிஞ்சிருந்துச்சுக்கா, நல்லவேளை தீக்குச்சி பத்தல" என்று சொன்னாய். கேஸ் கசிகிற வீட்டில் தீக்குச்சியைக் கிழித்தது யார் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இதற்குத் தீக்குச்சி வேண்டாம். அவ்வளவுதான்.

பதில் போடு. சோம்பேறித்தனம் பண்ணினால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

உன் அக்கா


ஜனவரி 27

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கே நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை உன் கடிதத்திலேயே பார்த்தேன். அடுப்பு நல்லபடியாக வந்து சேர்ந்தது. மிகவும் அழகாக இருக்கிறது.

கீழே தபால் பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அதனால் உன் கடிதத்தை அவர்தான் பிரித்து எனக்குப் படித்துக் காட்டினார். "உங்கக்காவுக்கு நல்லா எழுத வருது. கேள்வி கேக்கவும் நல்லா வருது" என்று சிரித்தார். தீக்குச்சி பற்றி நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு முறை படித்தார்.

அன்று சாயங்காலம் அலமாரிக் கதவு என் நெற்றியில் இடித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறது. கதவு திறந்திருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. நீ ஒன்றும் கவலைப்படாதே.

அடுப்பில் ஒரு சின்னச் சங்கடம். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் அலுமினியப் பாத்திரம். எதை வைத்தாலும் கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. அவருக்குக் கிடங்கிலிருந்து வந்ததும் டீ வேண்டும். "பாத்திரம் வெச்சா சுடணும். அதுக்குப் பேர்தானே அடுப்பு? நீ கேட்டு வாங்கினியா, அவளா அனுப்பினாளா?" என்று கேட்டார். பாத்திரம் அவர் கையிலிருந்து நழுவிச் சுவரில் பட்டு நெளிந்துவிட்டது. நெளிந்ததை நான் தட்டி நிமிர்த்திவிட்டேன்.

போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. வீட்டிலேயே இருக்கிறவளுக்குப் போன் எதற்கு என்கிறார், அதுவும் சரிதானே.

இன்னொன்று. வாலு என்று இனிமேல் எழுத வேண்டாம். கல்யாணமான பெண்ணுக்கு அந்தப் பெயர் மரியாதையில்லை என்று அவர் நினைக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தங்கை


பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கும், இதை அவளுக்குப் படித்துக்காட்டப் போகிற மாப்பிள்ளைக்கும்,

இரண்டு பேரின் சுகத்தையும் விசாரித்துக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளை, உங்கள் குரல் நல்ல குரல், நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். இதில் கேள்வி ஒன்றும் கிடையாது.

அலுமினியம் இந்த அடுப்பில் சுடாது. அது அடுப்பின் குற்றமும் இல்லை, அடுப்பு வைத்தவளின் குற்றமும் இல்லை. இந்த அடுப்புக்கு இரும்பு வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். எது ஆகும், எது ஆகாது என்று கண்டுபிடிக்க ஒரு காந்தம் அனுப்பியிருக்கிறேன். பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றியது, நடுவில் ஓட்டையோடு வடை மாதிரி இருக்கிறதே என்று வாயில் போட்டுவிடாதே. பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார். கெட்டியாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஆகும். வழுக்கி விழுந்தால் ஆகாது.

தங்கச்சி, இந்த இடத்தைக் கவனித்துக் கேள். ஒட்டுகிற மாதிரி வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் காந்தத்தை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. கடிதம்கூட எழுத வேண்டாம். ஏன், எதற்கு, எது ஒட்டவில்லை என்று நான் கேட்க மாட்டேன். காந்தம் என் கைக்கு வந்தால், நல்ல அடிகனமான இரும்புப் பாத்திரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பட்டறை வண்டியில் நானே வந்துவிடுவேன்.

ஒட்டுகிறது என்றால் வைத்துக்கொள். அது உன் இஷ்டம்.

அலமாரிக் கதவைப் பற்றி: கதவு ஒரு தடவை இடித்தால் மறதி. மறுபடி மறுபடி இடித்தால் கதவைக் கழற்றி வெளியே வீசிவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று கேலி பண்ணாதே, இடது கையால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய காந்தத்தை எல்லாப் பாத்திரத்திலும் வைத்துப் பார்த்தேன். பால் காய்ச்சுகிற எவர்சில்வர் பாத்திரத்தில் அரைகுறையாக ஒட்டியது. முட்டை பொரிக்கிற இரும்புச் சட்டியில் பிடுங்க முடியாதபடி ஒட்டியது. மற்றதெல்லாம் வழுக்கி விழுந்தது. நான் விளையாட்டாகக் கதவுக் கொண்டியில், ஜன்னல் கம்பியில், அவருடைய பெல்ட் கொக்கியில் எல்லாம் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒட்டுகிறது அக்கா. இன்னும் ஒட்டுகிறது. அதனால் காந்தத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன். ஆனால் போன வாரம் ஒரு தவறு நடந்துவிட்டது. அவருக்கு முட்டை பொரித்துச் சட்டியை இறக்கினேன். ஒரு பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் வலது கை கண்ணாடியில் பட்டுவிட்டது. உள்ளங்கை முழுக்க, விரல்களும் சேர்த்து. கட்டுப் போட்டிருக்கிறது. தோல் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதால் மறுநாள் சுரண்டித் துடைக்க வேண்டியிருந்தது. அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர்தான் மருந்து போட்டு விட்டார். "எல்லாம் ஆறிப்போகும் விடு" என்றார். அடிக்கடி அப்படித்தான் சொல்வார்.

எழுதியது நிறைய ஆகிவிட்டது. இதையும் அவர் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார்.

தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

சுகம் கேட்டு எழுத இன்று எனக்கு மனசில்லை. கைக்கு என்ன மருந்து போட்டிருக்கிறார்கள் என்று எழுது. பற்பசை, மாவு, எண்ணெய் என்று எதையாவது அப்பியிருந்தால் தயவுசெய்து கழுவு. சுட்ட உடனே ஓடுகிற தண்ணீரில் வெகு நேரம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க விட்டார்களா? கேள்வி கேட்க மாட்டேன் என்று எழுதியவள் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை, இந்த வரியை விட்டுவிட்டுப் படியுங்கள்.

பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அம்மா பழுதான அடுப்பைக் கொண்டுவந்தார். எனக்கும் தொழிலில் கை சுட்டிருக்கிறது, ஐந்து விரலிலும் தழும்பு இருக்கிறது, எல்லாம் நுனியில். தெரியாமல் பட்டால் நுனிதான் சுடும். உடம்பு நம்மைக் கேட்காமலே கையை உதறி எடுத்துவிடும். அந்த அம்மாவுக்கு உள்ளங்கை முழுக்கச் சுட்டிருந்தது. 'தெரியாம பட்டுடுச்சு' என்றார். அவர் போன பிறகு சுத்தியலை எடுத்து அவர் கொண்டுவந்த அடுப்பின் கண்ணாடியில் ஓங்கிப் போட்டேன். மறுபடி போட்டேன். முதலாளி ஓடிவந்து, "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? கஸ்டமர் சாமான்!" என்று கத்தினார். கண்ணாடித் துண்டு பட்டு என் புறங்கையில் ரத்தம் வடிந்தது, வலிக்கவே இல்லை. அந்த அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி நானே போட்டுக்கொடுத்தேன்.

அதற்கப்புறம் எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்குக் கை பரபரவென்று வருகிறது.

காந்தம் பத்திரமாக இருக்கிறதா? வீட்டில் எது ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் காந்தத்தை அனுப்பலாம். ஒட்டுவதெல்லாம் நல்ல பாத்திரம் என்று நான் சொல்லவில்லை.

உடனே இரண்டு வரி போடு. இடது கையாலேயே போடு.

அக்கா


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் இல்லை. தபால்காரரைப் பட்டறை வாசலில் மறித்து மறித்து அவருக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கோடாவது கிழித்து அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 23

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். என் தங்கை எங்கே? அவள் கையால் ஒரு வரி வேண்டும். நேற்று வண்டிக்கு டீசல் போட்டு வைத்துவிட்டேன், வராமல் இருப்பது அவள் இன்னும் கூப்பிடவில்லை என்பதற்காக மட்டும்தான். அவளைக் கேட்காமல் வந்து, நான் திரும்பிப் போன பிறகு அவள் அதற்கு வாங்கிக்கட்டிக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு பயம் இல்லையென்றால் என்றைக்கோ உங்கள் வாசலில் நின்றிருப்பேன்.

அக்கா


மே 11

மதிப்பிற்குரிய அண்ணியார் அவர்களுக்கு,

தங்கள் நலனுக்கு எங்கள் நல்வாழ்த்துகள். தங்கள் தங்கைக்குக் கை இன்னும் சரியாகாததால் அவள் சார்பில் நான் எழுதுகிறேன். அவள் நலமாகவே இருக்கிறாள். இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. அது ஒரு குடும்பப் பெண்ணுக்கு நல்ல குணம் என்றே நினைக்கிறேன்.

தங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். சுத்தியல், டீசல் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். எதற்கு இவ்வளவு கொதிப்பு? கணவன் மனைவிக்குள் ஆயிரம் இருக்கும். கொஞ்சம் சூடு ஏறும், பிறகு ஆறும். நடுவில் ஆள் புகுந்தால்தான் ஆறுவது கெட்டுப்போகிறது. தாங்கள் தனியாகவே இருப்பவர். தங்களுக்கு இது புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தாங்கள் அனுப்பிய அடுப்பில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. தரம் அவ்வளவுதான். தங்கள் காந்தத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இதை அனுப்பலாம் என்று எடுத்தபோது தங்கள் தங்கை, "அத மட்டும் அனுப்பிடாதீங்க, உங்க கால்ல விழறேன், அக்கா குடுத்தது, எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அழுது புரண்டாள். ஒரு துண்டு இரும்புக்கு இத்தனை அழுகை. பிறந்த வீட்டுச் சாமான்மேல் அவ்வளவு ஆசை. அந்த ஆசையை அறுத்தால்தான் குடும்பம் உருப்படும் என்று இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

இனி கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்


மே 15

மாப்பிள்ளைக்கு,

உங்கள் சுகத்தை நேரிலேயே பார்த்துவிட்டேன். நீங்கள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிற இந்த நேரத்தில், உங்கள் சமையலறையில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். என் தங்கை அடுத்த அறையில் துணி எடுத்து வைக்கிறாள். முதலாளி வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். பெரிய உடம்பு, சின்ன மனசு என்று அவரை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். காந்தத்தை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் "எந்திரி" என்றார், சாவியை எடுத்தார். இனி திட்ட மாட்டேன்.

நடந்ததை நீங்கள் வேறு மாதிரிச் சொல்வீர்கள். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

கதவைத் தட்டி "சர்வீஸ்" என்றேன். நீங்கள் திறந்தீர்கள். நான் உங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். சமையலறைத் தரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதலில் யாரோ என்று நினைத்தேன். காதுக்கு மேலே கொத்தாக முடி இல்லை. ஒரு கண் மூடியிருந்தது. வலது கை கோழிக்கால் மாதிரி மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. "பாத்திரம் கொண்டாந்தியாக்கா?" என்றாள். அப்போதுதான் இவள் என் வாலு என்று தெரிந்தது.

"கொண்டாந்திருக்கேன், எந்திரி, போலாம்" என்றேன்.

அவள் எழுந்தாள். நீங்கள் பின்னாலிருந்து அவள் முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்தீர்கள். அடுப்பின் வயரை எடுத்து அவள் கழுத்தில் போட்டு முறுக்கினீர்கள். "காலடி எடுத்து வெச்சா இங்கயே முடிச்சுருவேன்" என்றீர்கள். அவள் முகம் கறுத்து நாக்கு வெளியே வந்தது. மாப்பிள்ளை, நீங்கள் அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். சாகிறவரை அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

அடிகனமான இரும்புப் பாத்திரம் கொண்டுவருவேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா, சொன்ன சொல் தவறவில்லை. வயரைப் பிடித்திருந்த உங்கள் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. "விடுடா!" என்று மறுபடி ஓங்கினேன், அதற்குள் விட்டுவிட்டீர்கள். டேய் என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மூன்றாவது அடி உங்கள் மண்டைக்கு என்றுதான் எடுத்தேன். என் பின்னாலேயே உள்ளே ஓடிவந்த முதலாளி என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் படிக்க ஆள் இருந்திருக்காது. போகிற வழியில் காவல் நிலையத்தில் இதையெல்லாம், நான் அடித்ததையும் சேர்த்து, எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் ஊர் போவோம். அவள் கழுத்தில் வயரின் தடம் இருக்கிறது. டாக்டர் பார்த்து எழுதித் தருவார்.

இப்போது அடுப்பு. கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. பாத்திரம் விழுந்து விரிசல் விட்டால் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் ஓடும். இதிலும் அப்படித்தான் ஓடியிருக்கிறது, ஆனால் அந்தப் புள்ளியில் அவள் தலைமுடி இரண்டு இழை மாட்டிக்கொண்டிருக்கிறது. தரம் சரியில்லை என்று எழுதினீர்களே, அடுப்பு செய்கிறவர்கள் அதில் மண்டையை மோதிப் பார்த்து அனுப்புவதில்லை.

விரிசல் விட்ட கண்ணாடியில் பால் பொங்கினால் விரிசல் வழியாக உள்ளே இறங்கும். தொட்டவரை மின்சாரம் தூக்கி எறியும், சமயத்தில் ஆளையே முடித்துவிடும். இதைச் சொல்லாமல் போய்விடலாமா என்று உங்கள் அடுப்புக்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். சாயங்காலம் நீங்கள் வருவீர்கள், டீ போடுவீர்கள், அவ்வளவுதான், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. பாழாய்ப்போன தொழில் புத்தி விடவில்லை. பிளக்கை வெட்டி எடுத்துவிட்டேன். இது இனி யாரையும் சுடாது.

பாத்திரத்தை உங்களுக்கே விட்டுப்போகிறேன். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன், நன்றாக ஒட்டுகிறது.

வாலுவின் அக்கா


ஜூலை 20

என் அன்பு மனைவிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? என்னைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை. மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு முன்போலத் திரும்புவதில்லை. உன் அக்காமேல் நான் புகார் கொடுத்திருக்கலாம். வக்கீல் கேட்டார், நான் வேண்டாமென்றேன். அந்தப் பெருந்தன்மையை நீ யோசிக்க வேண்டும். நீயும் உன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாருக்கும் மரியாதை.

நடந்தது நடந்துவிட்டது. எனக்குக் கோபம் வரும், போகும். நீயும் சில நேரம் அப்படி நடந்துகொள்வாய். இப்போது எல்லாம் ஆறிப்போச்சு. என் மனசில் ஒன்றும் இல்லை. வந்துவிடு.

வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ரொட்டியே தின்று வயிறு கெட்டுவிட்டது. புதிதாக ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன், உன் அக்கா அனுப்பியதைவிட நல்ல கம்பெனி. ஆனால் அணைத்த பிறகும் சிவப்பாக 'எச்' என்று எரிந்துகொண்டே இருக்கிறது. பழுதா என்று உன் அக்காவிடம் கேட்டு எழுது. இல்லாவிட்டால் நீயே வந்து பார்.

உன்,
கணவன்


ஆகஸ்ட் 6

உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை நானே பிரித்து நானே படித்தேன். அக்கா கேட்டும் காட்டவில்லை. அவள் கையில் கிடைத்தால் மறுபடி வண்டிக்கு டீசல் போடுவாள். பதிலும் நானே வலது கையால் எழுதுகிறேன். விரல்கள் முழுதாக நீட்ட வரவில்லை, பேனா பிடிக்கிற அளவுக்கு வளைந்தே நிற்பதால் எழுதச் சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரும் பிடிக்கிறது. அக்காவின் பட்டறையில் உடைந்த கண்ணாடி மாற்றும் வேலை என்னுடையது.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

காந்தத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். அது அக்காவிடம் போனால் அவள் வந்துவிடுவாள் என்று நீங்களே உங்கள் நல்ல குரலில் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்; உங்கள் காதுக்கு அது வெறும் பாத்திரப் பேச்சு, மறந்தும்விட்டீர்கள். எனக்குத் தபால் பெட்டி வரைக்கும் போக வழியில்லை. வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டுதான் கிடங்குக்குப் போவீர்கள். நீங்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு 'அனுப்பட்டுமா' என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருந்தால் யோசித்திருப்பீர்கள். அனுப்பாதீர்கள் என்று காலில் விழுந்தேன். சுடாதீங்க, அடிக்காதீங்க, கழுத்தை விடுங்க என்று நான் வேண்டாமென்று கெஞ்சிய எதையாவது நீங்கள் செய்யாமல் விட்டதுண்டா? அதை நம்பித்தான் அழுதேன். அன்றைக்கு அழுத மாதிரி நான் என்றைக்கும் நன்றாக அழுததில்லை.

உங்கள் புது அடுப்பில் பழுது ஒன்றும் இல்லை. 'எச்' எரிந்தால் கண்ணாடி இன்னும் ஆறவில்லை, தொடாதே என்று அர்த்தம். இது உங்களுக்குத் தெரியும். அக்காவின் முதல் கடிதத்தில் அதையும் நீங்கள்தான் படித்தீர்கள். முட்டை கருகிய அன்று நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடிமேல் அழுத்தியபோது அது எரிந்துகொண்டுதான் இருந்தது. என் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சிவப்பாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது அணையும் என்று. நீங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எழுத்து அணைந்த பிறகுதான் கையை விட்டீர்கள்.

எல்லாம் ஆறிப்போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். கை ஆறிவிட்டது. நெற்றித் தையலும் ஆறிவிட்டது. கழுத்துத் தடம் மங்கிவிட்டது, அக்கா மட்டும் தினமும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள்.

நான் இன்னும் ஆறவில்லை. தொடாதீர்கள்.

வாலு